கட்டிலருகே காத்திருந்த நாட்கள்

(ஒரு மாணவியின் தாய், இப்பள்ளியின் முன்னாள் மாணவி)

ஆண்டு மலரில் பெற்றோர் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியை சகோதரி அவர்கள் கேட்டபோது, பிள்ளைகளின் படிப்பைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாகச் சொல்ல இப்பள்ளியில் ஆசிரியைகள் பலர் இருக்கிறார்கள். நான் பட்டு அறிந்த ஒன்றைச் சொல்வதே முறை என்று பட்டது. 2018ஆம் ஆண்டில், எங்கள் இளைய மகள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, அவளுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் பன்னிரண்டு நாட்கள் மருத்துவமனையில் அவளுக்காகக் காத்திருந்தேன். "அந்த நாட்களை எப்படித் தாங்கினாய்?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடையாகவும், நாளை இத்தகைய நிலையில் நிற்கக்கூடிய எவருக்கேனும் துணையாகவும் இதை எழுதுகிறேன்.

பாப்பா பிறந்தபோது எடை 2 கிலோ 800 கிராம். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்காக எடுத்துச் சென்றபோது ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இதயத் துடிப்போடு வேறோர் இரைச்சலும் கேட்கிறது என்றார். பிறகு எடுத்த எக்கோ பரிசோதனையில் காரணம் தெரிந்தது. இதயத்துக்கு நான்கு அறைகள் உண்டென்று நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் குழந்தைக்கு அந்தச் சுவரில் ஒரு பெரிய துளை இருந்தது. இடப்பக்க அறையின் விசை மிகுதியாதலால், உடலுக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி அத்துளை வழியே வலப்பக்கம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே போய்ச் சேரும். அதனால் நுரையீரல் நனைந்த பஞ்சுபோல் கனத்துவிடும். குழந்தை மூச்சு வாங்கும். பால் குடிப்பதே அதற்கு மலை ஏறுவது போன்ற வேலையாகிவிடும். நான்கு வாய் குடிப்பாள், நெற்றியெல்லாம் வியர்த்துவிடும், களைத்து உறங்கிவிடுவாள், பத்து நிமிடத்தில் பசியால் அழுவாள்.

"கிரகணத்தன்று வெளியே வந்தாயா?" என்று கேட்டவர்கள் உண்டு. கிரகணத்துக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. கருவில் இதயம் உருவாகும் முதல் எட்டு வாரங்களுக்குள் அச்சுவர் முழுவதும் மூடாமல் நின்றுவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் காரணம் இன்னதென்று சொல்ல முடிவதில்லை. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டு முதல் பத்துக் குழந்தைகளுக்கு ஏதேனும் ஓர் இதயக் குறை இருக்கிறது. சிறிய துளைகள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு. எங்கள் குழந்தைக்கு அப்படி நடக்கவில்லை. ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டியவள், 4 கிலோ 300 கிராம்தான் இருந்தாள். இனிக் காத்திருக்கக் கூடாது என்றார்கள்.

மூத்த மகளை என் தாயாரிடம் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் புறப்பட்டோம். என் கணவர் அரசுப் பேருந்து நடத்துனர். செலவின் பெரும்பகுதி முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைத்தது. இரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றபோதுதான் திகைத்தோம். சென்னையில் எங்களுக்கு உறவென்று ஒருவருமில்லை. கணவரின் நண்பர் ஒருவர் சொல்லி, ஒரு மாநகரப் பேருந்துப் பணிமனையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். காக்கிச் சட்டையோடு வந்து, இரத்தம் கொடுத்து, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, எங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள்.

அறுவை சிகிச்சையன்று காலை ஏழு மணிக்குப் பாப்பாவை வாங்கிக்கொண்டார்கள். பால் கொடுக்கக் கூடாத நேரம் ஆகையால் பசியோடு அழுதுகொண்டே போனாள். கதவு மூடியது. ஐந்து மணி நேரம்! அவ்வளவு நேரமும் அவளுடைய இதயத்தை நிறுத்தி வைத்து, இரத்தத்தை ஓர் இயந்திரம் சுற்ற வைத்துக்கொண்டிருந்தது என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் இதயம் நின்றிருப்பது அதில் சிறிது நேரமே. ஆயத்தங்களுக்கும் முடித்து வைப்பதற்குமே எஞ்சிய நேரம் ஆகிறதாம்.

நான் கிளை நூலகத்தில் பணிபுரிகிறவள். ஊர் திரும்பிய பின் இந்த இயந்திரத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் டாக்டர் ஜான் கிப்பன் என்பவர் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதயத் துளையை மூடினார். ஆயினும் சிறு குழந்தைகளுக்கு அதை நம்பிப் பயன்படுத்தும் நிலை அப்போது வரவில்லை. அடுத்த ஆண்டு, 1954 மார்ச் 26 அன்று, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் வால்டன் லில்லிஹை வேறொரு வழி கண்டார். பதின்மூன்று மாத ஆண் குழந்தை. எங்கள் பாப்பாவுக்கு இருந்த அதே வகைத் துளை. குழந்தையின் தந்தையைப் பக்கத்து மேசையில் படுக்க வைத்து, இருவருடைய இரத்தக் குழாய்களையும் இணைத்தார்கள். தந்தையின் இதயமும் நுரையீரலும் இருவருக்கும் உழைத்தன. அந்நேரத்தில் துளை மூடப்பட்டது. அக்குழந்தை பதினொரு நாட்களுக்குப் பின் நிமோனியாவால் இறந்துவிட்டது. ஆனாலும் மருத்துவர்களும் பெற்றோர்களும் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டுக்குள் அம்முறையில் 45 பேருக்குச் சிகிச்சை நடந்து, 28 பேர் பிழைத்து வீடு சென்றார்கள். இரத்தம் சுற்றத் தம்மை இணைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் தந்தையோ தாயோதான். அவர்களில் எவரும் உயிரிழக்கவில்லை. இதை நான் வாசித்துச் சொன்னபோது என் கணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னையும் கூப்பிட்டிருந்தா படுத்திருப்பேனே" என்றார்.

பன்னிரண்டரை மணிக்கு டாக்டர் வெளியே வந்து, துளையை மூடிவிட்டதாகச் சொன்னார். "எங்க வேலை பாதி முடிஞ்சிருக்கு. மீதி இனிமேதான்" என்றார். அந்த மீதியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளை முதலில் கண்டபோது என் பிள்ளைதானா என்று தேடினேன். முகம் வீங்கியிருந்தது. வாயில் சுவாசக் குழாய். கழுத்தில் ஊசிக் குழாய். மார்பின் நடுவே நீளமாக ஒரு கட்டு. அதன் கீழே இரத்தத்தையும் நீரையும் வெளியேற்றும் குழாய்கள். குழாய்களை இழுத்துவிடாதபடி கைகளில் மென்மையான துணிக்கட்டு. தலைமாட்டில் ஒரு திரை. அதில் பச்சையும் நீலமுமாக எண்கள் ஓடின. ஏதேனும் ஓர் எண் மாறினால் மணி அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் என் உயிர் தொண்டைக்கு வந்து போயிற்று. அங்கிருந்த நர்ஸ், என்னைவிடப் பத்து வயது இளையவர், "அக்கா, திரையை நாங்க பாத்துக்கறோம். நீங்க பாப்பாவைப் பாருங்க. பேசுங்க" என்றார். என்ன பேசுவது? வீட்டில் கொடியில் காயும் துணியைப் பற்றியும், அக்காள் பள்ளிக்குப் போன கதையைப் பற்றியும் காதருகே சொன்னேன். மருந்து மயக்கத்தில் இருந்தவளின் விரல்கள் என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டன.

காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிடம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் என்ன செய்வது என்று தவித்தபோது அதே நர்ஸ் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாய்ப்பாலைப் பிழிந்து, கொதிநீரில் சுத்தம் செய்த கிண்ணத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரவு பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும்கூட எழுந்தாக வேண்டும். முதல் நாள் கவலையால் பால் சுரக்கவே இல்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், பிறந்து இருபதே நாளான தன் மகனுக்காகக் காத்திருந்தவள், வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றடம் கொடுக்கச் சொல்லித் தந்தாள். சிகிச்சையின் மறுநாள் மூக்குக் குழாய் வழியே பாப்பாவுக்கு 5 மில்லி பால் போயிற்று; அடுத்த வேளை மீண்டும் 5 மில்லி; பிறகு 10 மில்லி. என் கணவர் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி வைத்தார். ஒரு தேக்கரண்டி அளவுதான். ஆனால் அந்தத் தேக்கரண்டிப் பாலுக்காக நான் சாப்பிட்டேன், உறங்கினேன், எழுந்தேன். இடிந்து போகாமல் என்னை நிறுத்தியது அந்த வேலைதான்.

இரண்டாம் நாள் பிற்பகல் சுவாசக் குழாயை எடுத்தார்கள். தானே மூச்சு விடுகிறாள் என்று மகிழ்ந்து ஊருக்குப் போன் செய்தோம். மாலைக்குள் விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளிழுக்கத் தொடங்கியது. நுரையீரலின் ஒரு பகுதி விரியாமல் சுருங்கிக்கொண்டுவிட்டதாம். இரவு எட்டு மணிக்கு மறுபடியும் குழாய் வைத்தார்கள். "இது சில பிள்ளைங்களுக்கு நடக்கறதுதான். திரும்பவும் முயற்சி பண்ணுவோம்" என்று டாக்டர் சொன்னார். குணமடைதல் என்பது ஏணியில் ஏறுவதுபோல் ஒரே நேராகப் போவதில்லை. இரண்டு படி ஏறி ஒரு படி இறங்குவதும் அதில் அடக்கம் என்பதை அன்று கற்றேன்.

அன்றிரவு எட்டு வயதான மூத்தவள் போனில் கேட்டாள்: "அம்மா, பாப்பாவுக்கு வலிக்குதா?" அந்தக் கேள்வியை மறுநாள் டாக்டரிடம் அப்படியே கேட்டேன். வலி தெரியாமலிருக்க மருந்து இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று விளக்கினார். இது இன்று இயல்பான செய்தி. ஆனால் 1980களின் நடுப்பகுதி வரையில், முன்னேறிய நாடுகளிலும் பல மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு மிகக் குறைந்த மயக்க மருந்தோடே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். பச்சிளங்குழந்தைக்கு வலியை உணரும் வளர்ச்சி இல்லையென்றும், மயக்க மருந்தை அது தாங்காதென்றும் எண்ணினார்களாம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த ஆனந்த் என்ற இந்திய மருத்துவரும் அவருடைய தோழர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, போதிய வலி மருந்து பெற்ற குழந்தைகளே சிகிச்சையை நன்கு தாங்கின என்று காட்டியது. என் மூத்த மகள் கேட்டது சிறுபிள்ளைக் கேள்வி என்று எவரும் சிரிக்க வேண்டாம். அந்தக் கேள்வியைப் பெரியவர்கள் சரியாகக் கேட்கவே நெடுங்காலம் ஆயிற்று!

தாய் அருகில் இருப்பதும் அவ்வாறே போராடிப் பெற்ற ஒன்று. நம் நாட்டில் குழந்தையோடு தாயும் மருத்துவமனையில் தங்குவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். இங்கிலாந்தில் அந்நாளில் பல இடங்களில் பெற்றோர் வந்தால் பிள்ளை அழும், கிருமி பரவும் என்று தடுத்தார்கள். நியூகாசில் நகரில் டாக்டர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920களிலேயே தாய்மாரைக் குழந்தைகளோடு தங்க வைத்துக் காட்டினார். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தனியே மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். அவள் நாளுக்கு நாள் வாடுவதைக் கண்ட பிறகும் உடனே மனம் மாறாதவர்கள் இருந்தார்கள். 1959இல் அந்நாட்டு அரசின் குழு ஒன்று, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நான் நின்ற அந்தக் கட்டிலருகே எனக்கு இடம் கிடைக்கப் பலர் உழைத்திருக்கிறார்கள்.

நான்காம் நாள் சுவாசக் குழாயை மீண்டும் எடுத்தார்கள். இம்முறை தாங்கிக்கொண்டாள். என்னைக் கண்டதும் உதடு பிதுங்கி, கண்ணீர் வழிந்து, வாய் திறந்து அழுதாள். ஆனால் சத்தமே வரவில்லை. குழாய் இருந்ததால் தொண்டை வீங்கியிருக்கிறது, இரண்டொரு நாளில் குரல் வந்துவிடும் என்றார்கள். ஓசையில்லாத அழுகையைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் பிள்ளை கத்தி அழும்போது எரிச்சல்படும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தச் சத்தம் ஒரு செல்வம்.

அதற்கு அடுத்த நாள் காலை தருமபுரிப் பெண்ணின் மகன் இறந்துவிட்டான். புறப்படுமுன் அவள் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாப்பாவை நல்லாப் பாத்துக்கோங்கக்கா" என்றாள். எனக்குச் சொல்லத் தெரிந்த ஆறுதல் எதுவும் இல்லை. அவளோடு வாசல்வரை நடந்தேன். நான் வேண்டிக்கொண்டதற்குக் குறையாமல்தான் அவளும் வேண்டிக்கொண்டாள். என்னைக் காட்டிலும் பொறுமையாகவே இருந்தாள். ஆகையால், "உன் வேண்டுதல் பலித்தது" என்று யாரேனும் என்னிடம் சொன்னால் நான் தலைகுனிந்து பேசாமல் இருந்துவிடுகிறேன். நன்றி சொல்கிறேன், பெருமை கொள்ள முடியவில்லை. அவளுடைய மகன் பெயரையும் எங்கள் வீட்டு ஜெபத்தில் இன்றளவும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஆறாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். அன்று மாலையே குரலும் வந்துவிட்டது. அதுவரை பால் மூக்குக் குழாயில் போனது. இனிப் பாலாடையில் புகட்டிப் பார்க்கலாம் என்றார்கள். முதலில் துளித் துளியாகச் சப்பினாள். எட்டாம் நாள் நேராகத் தாய்ப்பால் குடிக்க விட்டார்கள். பழக்கத்தால் என் கை அவள் நெற்றியைத் துடைக்கத் துணியை எடுத்தது. நெற்றி உலர்ந்திருந்தது. இருபது நிமிடம் குடித்தாள். வியர்வை இல்லை, மூச்சு இரைக்கவில்லை. குடித்து முடித்து என்னைப் பார்த்தாள். டாக்டர் மூடிய துளையை நான் கண்ணால் காணவில்லை; அந்த உலர்ந்த நெற்றியில்தான் அதைக் கண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தார்கள். மார்பெலும்பு நடுவில் வெட்டி இணைக்கப்பட்டிருப்பதால், ஆறு வாரம் வரை குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கையால் தலையையும் மறு கையால் புட்டத்தையும் தாங்கி, அள்ளுவதுபோல் எடுக்க வேண்டும். உறவினர் ஒவ்வொருவருக்கும் இதை வாசலிலேயே செய்து காட்டி விட்டுத்தான் குழந்தையைக் கையில் கொடுத்தோம். அவ்விஷயத்தில் எட்டு வயது மூத்தவள்தான் கண்டிப்பான காவலாளி.

அன்பு மாணவியரே! உங்களில் சிலர் நாளை மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் வருவீர்கள். அப்போது செய்வதறியாது நிற்கும் ஒரு தாயைக் கண்டால், அவளுக்குச் சிறியதாக ஒரு வேலை கொடுங்கள். எனக்கு மருந்தைக் காட்டிலும் உதவியது அதுதான். மற்றவர்களும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பி, உடல்நலமும் போதிய எடையும் இருந்தால் இரத்த தானம் செய்யலாம். அண்டை வீட்டார் மருத்துவமனையில் இருந்தால், "எதனால் வந்தது?" என்று கேட்பதை விட்டு, அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு போடலாம். வகுப்பில் மார்பில் தழும்போடு ஒரு தோழி இருந்தால், அவளை இரக்கத்தோடு பார்க்க வேண்டாம். ஓட்டப் பந்தயத்தில் உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பாப்பா தன் தழும்பை 'ஜிப்' என்று சொல்லிச் சிரிக்கிறாள்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று எண்ணாதீர்கள். ஒரு விரலைக் கொடுப்பதும், ஒரு கதையைச் சொல்வதும், ஒரு தேக்கரண்டிப் பால் சேர்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்தவையே. எல்லா வீட்டுக் குழந்தைகளும் நலமாயிருக்கட்டும்.